லேபிள் மாறிய கடிதம்

ஜூன் 11, புதன்

இன்னும் கோபம் அடங்கவில்லை. உதவிப் பேராசிரியர் வேலைக்கான விண்ணப்பக் கடிதத்தை இரண்டு பேரிடம் காட்டியது என் தப்பு.

காலையில் என் நெறியாளர் போனில் சொன்னார்: "பனியன் கம்பெனில செக்கிங் பார்த்ததையெல்லாம் எதுக்குக் கண்ணு எழுதறே? மதிப்புக் கொறைஞ்சு போயிரும். அந்தப் பத்தியை எடுத்துப்போடு." எடுத்தேன். அந்த வேலை பார்த்துக்கொண்டேதான் எம்.ஏ. முடித்தேன் என்பது அவருக்குத் தெரியும்.

மதியம் இன்னொரு கல்லூரியில் பாடம் நடத்தும் சாந்தி அக்கா கத்தினார்: "அதைய ஏன் எடுத்தே? உன்ற பலமே அதுதான! மறுபடி போடு." போட்டேன். நெறியாளருக்கு அனுப்பினால், "சொன்னா கேக்க மாட்டியா?" என்றார். இன்றுதான் கடைசி நாள். வருவது வரட்டும் என்று அந்தப் பத்தியோடே அனுப்பிவிட்டேன்.

சாப்பிட்டுவிட்டு வந்து திறந்து பார்த்தால், முதல் வரியில் போன மாதம் விண்ணப்பித்த கல்லூரியின் பெயர் இருக்கிறது.

நாள் முழுக்க என்னை வெட்டி ஒட்டிய இரண்டு மேதாவிகளும் முதல் வரியைப் படிக்கவில்லை. நான் மட்டும் என்ன? சரக்கு வாங்கும் ஒரு பையரின் பனியனில் இன்னொரு பையரின் லேபிள் இருந்தால், கட்டுக்கு நடுவிலிருந்துகூட அதை உருவி எடுத்தவள் நான். தையலைப் பார்ப்பதற்கு முன் லேபிளைப் பார் என்று புதிதாக வந்த பெண்களைத் திட்டியவளும் நான்தான்.

இத்தனை சண்டைக்கும் காரணமான அந்தப் பத்தியின் கடைசி வரி: "சிறு பிழையும் என் கண்ணுக்குத் தப்பாது."