கிரகரி வாவிக்குப் போய் வந்தோம்

எஹலியகொட,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள விஜயகலா அக்காவுக்கு,

தங்கை கிருஷ்ணகுமாரி எழுதுவது. நாங்கள் எல்லோரும் நலம். குவைத்தில் நீயும் நலமாக இருக்க மாரியம்மா துணை செய்யட்டும். வேலை செய்யும் வீட்டில் உன் போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்களாமே. அதனால்தான் அங்கே வேலைக்கு வரும் கடை அஸீஸ் நானாவின் மகளிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

போன பௌர்ணமி போயா லீவில் நுவரெலியாவுக்குப் போய் கிரகரி வாவியைப் பார்த்தோம். மச்சான், நான், உன் மகள் யதுர்ஷி, மூன்று பேரும்தான். நீ வந்து அவளைக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தாய், தெரியும். பிள்ளை எவ்வளவு காலம்தான் காத்திருக்கும்?

கினிகத்தேனை வளைவுகளில் எனக்கு ஓயாத வாந்தி. மச்சான் வேனை நிறுத்தச் சொல்லி, முகம் கழுவத் தண்ணீர் பிடித்துத் தந்தார். உனக்கு ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை என்று நீயே சொல்லியிருக்கிறாய். மனிதர் மாறிவிட்டார் அக்கா.

வாவி அவ்வளவு அழகு. சுற்றிலும் மலை, மேகம் இறங்கி வந்து தண்ணீரைத் தடவிக்கொண்டு போகிறது. ரப்பர் மரத்து நிழலிலேயே கிடந்த கண்ணுக்கு அந்த வெளிச்சம் கூசியது. குளிர் தாங்கவில்லை. நீ வந்து போட்டுக்கொள்ளலாம் என்று பெட்டியில் அனுப்பிய சிவப்பு ஸ்வெட்டர் எனக்கு அளவாக இருந்தது.

படகில் ஏறியபோது படகுக்காரர் யதுர்ஷியிடம், அம்மா பக்கத்தில் உட்காரும்படி சிங்களத்தில் சொன்னார். அவள் உடனே, “மே மகே அம்மா நெவெய்” என்று கத்தினாள். இது எங்கம்மா இல்லை, சித்தி, அம்மா குவைத்துக்குப் போயிருக்காங்க என்று படகு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். எல்லோரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். மச்சான் அவளுக்கு ஓர் அறை விட்டார். பல் பட்டு உதடு கிழிந்துவிட்டது. பெரிதாக ஒன்றுமில்லை, நீ பயப்படாதே. வாவித் தண்ணீரை அள்ளி நான்தான் கழுவிவிட்டேன். ஐஸ் மாதிரித் தண்ணீர், இரத்தம் சீக்கிரம் நின்றுவிட்டது.

கரையில் சோளம் விற்ற பெண், உதட்டில் என்ன காயம் என்று கேட்டாள். யதுர்ஷி அவர் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, “நான் விழுந்துட்டேன், அம்மா கழுவி விட்டாங்க” என்றாள். கெட்டிக்காரப் பிள்ளை. இப்போது வீட்டிலும் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறாள். உன்னைப் பற்றி யாரிடமும் கேட்பதில்லை.

சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது அக்கா. ஆவணியில் எனக்குப் பிள்ளை பிறக்கும். கிளினிக்குக்கு அவர்தான் கூட்டிப்போகிறார். தோட்டத்து லயத்துச் சனங்கள் முதலில் கண்டபடி பேசினார்கள், இப்போது அவர்களுக்கும் பழகிவிட்டது. இனி நீதான் பழகிக்கொள்ள வேண்டும்.

அடுத்த மாதம் லீவில் வரப்போவதாகச் சொல்லியிருந்தாயாம். வேண்டாம். நீ வந்து வாசலில் நின்றால் யதுர்ஷி யாரை அம்மா என்று கூப்பிடுவாள்? தவறி உன்னைக் கூப்பிட்டுவிட்டால் அவர் கை சும்மா இருக்காது. நான் எத்தனை தடவைதான் குறுக்கே விழுந்து தடுக்க முடியும்? நீ பெற்ற பிள்ளை, நீயே யோசித்துப் பார்.

பிறக்கப்போகும் குழந்தைக்கு நீதான் பெரியம்மா. மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல், அங்கே இருந்தபடியே ஆசீர்வாதம் பண்ணு அக்கா.

உன் பாசமுள்ள தங்கை,
கிருஷ்ணகுமாரி