நடந்துகொண்டே படிக்கிறவள்

என் வீட்டு மகாராணிக்கு,

நான் நலம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? தைலம் தேய்க்கச் சோம்பல்படாதே.

இங்கே மூன்றாம் வகுப்பில் ஒரு சிறுமி. நடந்துகொண்டே இருந்தால்தான் அவளுக்குப் பாடம் மண்டையில் ஏறும். உட்கார வைத்தால் அழுதுவிடுவாள். தனி அறைக்கு அனுப்பிவிடலாம் என்றார் வகுப்பு டீச்சர். இப்படிப்பட்ட பிள்ளைகளை மற்றவர்களோடு சேர்த்துப் படிக்க வைக்கத்தானே எனக்குச் சம்பளம்? பின்வரிசைக்குப் பின்னால் நடக்க விடச் சொல்லிக் கெஞ்சினேன்.

"இவள விட்டா எல்லாப் பிள்ளைங்களும் நடக்கும் சார்!"

"நடக்கட்டும் டீச்சர், ஒரு வாரம் பார்ப்போம்."

அவர் சொன்னபடியே ஆனது. மறுநாள் வகுப்பே பஸ் ஸ்டாண்டு மாதிரி இருந்தது. டீச்சர் முறைத்த முறைப்பில் நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆனால் இரண்டே நாளில் மற்ற பிள்ளைகளுக்குச் சலித்துப்போய், அவரவர் இடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். இவள் மட்டும் நடந்தாள். நேற்று டீச்சர் கேட்ட கணக்குக்கு, ஜன்னலோரம் நடந்தபடியே முதல் ஆளாக விடை சொன்னாள்.

"தனி ரூமெல்லாம் வேணாம் சார், இங்கயே இருக்கட்டும்" என்றார் டீச்சர். எனக்கு வாயெல்லாம் பல்.

இங்கே குளிர் அப்படியொன்றும் இல்லை. இருந்தாலும் நீ போர்த்திக்கொள்ளும் பழைய போர்வையை அனுப்பிவை. துவைக்க வேண்டாம், அப்படியே அனுப்பு.

மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

உன்னவன்