கம்பளிக் கோட்டுக்கு இரண்டாம் பரிசு

அன்பின் பிரான்சிஸ் மச்சான்,

நீ இருக்கும் இடத்தில் வெளிச்சம் போதுமானதாக இருக்கும் என்று நம்புகிறேன். போதாவிட்டால் நீ சும்மா இருந்திருக்க மாட்டாய். அங்கேயும் யாரையாவது ஜன்னல் பக்கம் கிறுகி நிற்கச் சொல்லியிருப்பாய்.

இங்கே எல்லோரும் சுகம். உன் தங்கச்சி சுகம். எனக்குச் சீனி வருத்தம் வந்திருக்கிறது. அதையும் சுகத்தில்தான் சேர்த்துக்கொள்கிறோம். போர் முடிந்துவிட்டது. ஆனால் உனக்கு நான் சொல்ல வந்த செய்தி அதுவல்ல. நம்முடைய படப்பிடிப்பாளர் சங்கம் மறுபடியும் போட்டியும் கண்காட்சியும் வைத்தது. உன் படமும் சுவரில் தொங்கியது. அது எப்படித் தொங்கியது என்பதை ஊரும் கேட்கட்டும் என்று பகிரங்கமாகவே எழுதுகிறேன்.

நம் சங்கத்தை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நாங்கள் எல்லோரும் தொழில்முறைப் படப்பிடிப்பாளர்கள். அதாவது கல்யாணம், பூப்புனித நீராட்டு விழா, அடையாள அட்டை. சந்திக்குச் சந்தி மறித்து அட்டை கேட்ட காலத்தில் மட்டக்களப்பு நகரத்து ஸ்டூடியோக்கள் நொடித்துப்போகவில்லை என்ற உண்மையை நாங்கள் வெளியில் அதிகம் பேசுவதில்லை. அட்டைப் படத்தில் சிரிக்கக்கூடாது. சிரிக்கவேண்டாம் என்று யாருக்கும் நாங்கள் சொல்லவேண்டியும் இருக்கவில்லை.

நீ மட்டும்தான் அட்டைப் படத்தை எடுத்து முடித்த பிறகு "இன்னொண்டு எடுப்பம்" என்பாய். ஏதோ ஒரு பகிடி விடுவாய். ஆள் சிரிக்கும்போது கமராவை அமத்துவாய். அந்தப் படத்துக்குக் காசும் இல்லை, அதைக் கேட்பாரும் இல்லை. எதிர்ப்பக்கத்து என் கடையிலிருந்து பார்த்த நான் உன் தங்கச்சியிடம், "உன்ட அண்ணனுக்குப் பைத்தியம்" என்றேன். "அது பிறவியில இரிந்தது" என்றாள்.

போர் நடுவில் கொஞ்சம் ஓய்ந்த சமாதான காலத்துப் போட்டி உனக்கு நினைவிருக்கும். நீ ஒரு முகத்தைக் கொண்டுபோனாய். இது ஸ்டூடியோ வேலை, கலை அல்ல என்றார்கள். கோப்பை வாவியில் சூரியன் மறையும் படத்துக்குப் போனது. எடுத்தவர் நம் சங்கத் தலைவர். வீட்டுக்கு வரும் வழியில் நீ ஒன்றுதான் கேட்டாய்: "சூரியனுக்குக் குடுத்த கோப்பைய இவர் ஏன் வாங்கினார்?" மறுகா, கொஞ்சத் தூரம் போய், சைக்கிளை நிறுத்தி, "ஒரு நாளைக்கு அந்தச் சுவரில ஒரு முகத்தத் தொங்கவிடுறன் பார்" என்றாய்.

அதற்குள் கடல் வந்துவிட்டது.

சுனாமிக்குப் பிறகு உன் கடைக்குத் தம்பிராசா அண்ணன் வந்த நாளில் நானும் அங்கே நின்றேன். பாலத்துக்கு அங்கால் இருந்த வீடும் தோணியும் தம்பியும் போய், அட்டையும் போய், புதிய அட்டைக்குப் படம் எடுக்க வந்திருந்தார். நிவாரணத்தில் அவருக்குக் கிடைத்தது ஒரு கம்பளிக் கோட்டு. எந்தக் குளிர் நாட்டிலோ யாரோ நல்ல மனதோடு அனுப்பியது. அரசாங்க அலுவல் என்பதால் அதைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு வந்திருந்தார். உன் கடைக்குள் இரண்டு விளக்குகள் எரிந்தன. மனிதர் அவிந்துகொண்டிருந்தார்.

அட்டைப் படம் முடிந்ததும் நீ, "அண்ணன், இன்னொண்டு எடுப்பம். பனி கொட்டுது, கொஞ்சம் நடுங்குங்க" என்றாய். அவர் உன்னைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், பிறகு சிரித்தார். நிற்காமல் சிரித்தார். வாசலில் நின்ற அவருடைய மனைவி, "கடல் வந்த பிறகு இந்த மனிசன் இண்டைக்குத்தான் சிரிக்குது" என்று சொல்லி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டா. நீ அமத்திவிட்டாய். அந்தப் படத்தைப் பெரிதாக்கி, அடுத்த போட்டிக்கு என்று சொல்லி வைத்தாய்.

அடுத்த போட்டிக்குத்தான் நீ இருக்கவில்லை. தன்னாமுனையில் ஒரு கல்யாணவீடு. குடும்பப் படம் எடுத்தாய், "இன்னொண்டு" என்றாய், கதிரையில் போய் உட்கார்ந்தாய். அவ்வளவுதான். இரங்கல் கூட்டத்தில் தலைவர், "எங்கட பிரான்சிஸ் மாரடைப்பில காலமானவர்" என்று சொன்னபோது குரலில் சிறு பெருமை தெரிந்தது. குறை சொல்ல முடியாது. அந்த வருடங்களில் வெடி படாமல் சாவதும் ஒரு தகுதிதான்.

இனிக் கண்காட்சிக்கு வருகிறேன். தலைப்பு 'எங்கள் வாவி'. போர்க்காலத்தில் பொழுதுபடும் நேரம் பாலத்தடியில் கமராவோடு நிற்க யாருக்கும் துணிவில்லை. இப்போது எல்லோருக்கும் சூரியன் கிடைத்துவிட்டது. சங்கம் முழுவதும் பின்னேரங்களில் அங்கேதான். சூரியனுக்கு முன்னால் வலை வீசுவதற்கு ஓர் ஆள் வேண்டுமே? தம்பிராசா அண்ணன்தான். ஒரு பிளேன்ரீ, ஒரு வடை. "அவசரப்படாத மனே, இன்னும் கொஞ்சம் சிவக்கட்டும்" என்று அவர்தான் எங்களுக்கு நேரம் சொல்லுவார். வலையில் மீன் படுவதில்லையே என்று கேட்டேன். "மீனுக்கு வேற வலை. இது படத்துக்கு வீசிற வலை" என்றார்.

உன் படத்தை உன் பெண்சாதி றீற்றா கடதாசியில் சுற்றிக் கூட்டத்துக்குக் கொண்டுவந்தா. தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் சட்டம் பேசப்போகிறார் என்று உனக்குத் தெரியும்.

"செத்த ஆள் எப்பிடிப் போட்டியில கலந்துகொள்ளுறது?"

"கூடாதெண்டு யாப்பில இல்ல" என்றேன். செயலாளர் என்பதால் சங்கத்தின் விதிகள் எழுதிய யாப்பு என் கையில் இருந்தது.

"யாப்ப எழுதினதே அவன்தானே!"

"அப்ப, முன்யோசனையோட எழுதியிரிக்கான்."

"சரி, இதில வாவி எங்க இரிக்கு? தண்ணியும் இல்ல, சூரியனும் இல்ல."

றீற்றா கடதாசியை மடித்து வைத்தா. "அண்ணன், அந்த மனிசன் வாவிக் கரையில பிறந்து வாவியில தொழில் செய்யிறவர். கோட்டக் கழட்டிப் பாத்தா உள்ளுக்கு வாவிதான் இரிக்கும்" என்றா.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சிரித்த பிறகு மறுப்பது மரியாதை இல்லை. தேநீர் மேசைக்குப் பக்கத்தில் ஒரு மூலை கொடுத்தார்கள். ஒவ்வொரு படத்துக்குக் கீழும் எடுத்தவரின் சிறிய படம் ஒன்று ஒட்டவேண்டும் என்று தலைவர் விதி செய்தார். அவரிடம் அதற்கென்றே எடுத்த படம் ஒன்று இருந்தது.

நடுவர் கொழும்பிலிருந்து வந்த ஒரு அம்மா. வழியில் எங்குமே தன் பையை யாரும் திறக்கவில்லை என்று ஆச்சரியப்பட்டா. மண்டபத்தைச் சுற்றி நடந்தா. முதல் படம்: சூரியன், வலை, கறுப்பாய் ஓர் ஆள். இரண்டாவது: அதே. மூன்றாவதில் சூரியன் கொஞ்சம் இடப்பக்கம். கடைசிவரை பொறுமையாகப் பார்த்துவிட்டுக் கேட்டா: "இந்த வாவியில ஒரே ஒரு மீனவர்தான் இருக்கிறாரா?"

"அவர் எங்கட ஆள், மேடம்" என்றார் தலைவர், பாராட்டு என்று நினைத்து.

நடுவர் தேநீர் குடிக்கப் போனவ, உன் படத்துக்கு முன்னால் கோப்பையோடு நின்றுவிட்டா. "இவர் யார்?"

"அவரும் அவர்தான்" என்றேன்.

அந்த நேரம் பார்த்து அவரே வந்தார். எல்லாப் படத்திலும் இருப்பவர் என்று அழைப்பிதழ் கொடுத்திருந்தோம். கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார், மச்சான்! அந்த வெயிலில், கழுத்துவரை பூட்டி. வரிசையாகச் சூரியன்களைப் பார்த்தவர் தலைவருடைய படத்தில் நின்று, "இது ஆர் மனே?" என்றார்.

"நீங்கதான், அண்ணன்."

"எனக்கு இவ்வளவு வண்டி இல்லயே" என்று வயிற்றைத் தடவினார்.

தலைவர், அது வெளிச்சத்தின் வேலை என்று விளக்கினார். தம்பிராசா அண்ணன் கேட்டுக்கொள்ளவில்லை. மூலைக்குப் போய்க் கோட்டைக் கண்டதும், "இந்தா, இதுதான் நான்" என்றார். அன்று சிரித்த அதே சிரிப்பு. சுவரில் ஒன்று, தரையில் ஒன்று. சனம் சூரியன்களை விட்டுவிட்டு அங்கே கூடியது. சுவரில் ஒரு முகம் தொங்கியது, மச்சான். நீ சொன்னபடி.

பிறகு அவர் கீழே ஒட்டியிருந்த சிறிய படத்தைக் குனிந்து பார்த்தார்.

"இது ஆர்?"

"பிரான்சிஸ்."

"சீ. அவன் இப்பிடி இரிக்கமாட்டான்."

றீற்றாவிடம் உன்னுடைய படம் என்று இருந்தது அது ஒன்றுதான். அட்டைக்காக என் கடையில் எடுத்தது. இரண்டு காதும் ஒழுங்காகத் தெரிகின்றன, வெளிச்சம் சரி, பொலிஸ் தேடும் ஆளைப்போல இருக்கிறாய். ஊரையெல்லாம் சிரிக்கவைத்து எடுத்தவனை யார் எடுத்தார்கள்? நான் எடுத்தேன். ஒன்றுதான் எடுத்தேன். தம்பிராசா அண்ணனைத் தேநீர் குடிக்கச் சொன்னேன்.

முடிவு தெரிய ஆவலாக இருப்பாய். முதல் பரிசு சூரியனுக்குத்தான். போர் முடிந்ததால் எல்லாம் மாறிவிடும் என்று நீ நினைத்திருந்தால் அது உன் தவறு. ஆனால் இரண்டாம் பரிசு உனக்கு. பரிசை வென்றவர் நேரில் வந்து பெறவேண்டும் என்று யாப்பில் நீயே எழுதி வைத்திருக்கிறாய். அதைத் தலைவர் எடுத்து வாசிக்கத் தொடங்கியபோது தம்பிராசா அண்ணன் மேடை ஏறிவிட்டார். "படத்தில இரிக்கிறது நான்தானே? நானே வாங்கிறன்." வாங்கி, இறங்கி, றீற்றாவின் கையில் வைத்தார். "தங்கச்சி, நான் போனா இந்தப் படத்துக்குத்தான் மால போடோணும். வீட்டில சொல்லிப்போட்டன். ஒரு பெரிய பிரதி வேணும்" என்றார். றீற்றா, "மாலைக்கு என்ன அவசரம், முதல்ல கோட்டக் கழட்டுங்க, மயங்கி விழப்போறீங்க" என்றா.

உன் வீட்டுக்கு வந்ததும் றீற்றா எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னா: "இரண்டாவதுதானா? அந்தாள் கேட்டிருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பார்." சான்றிதழை உன் அட்டைப் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறா. இப்போது உன் முகம் கொஞ்சம் இளகினதுபோல் இருக்கிறதாம். நான் பார்த்தேன். இளகவில்லை. ஆனால் நான் ஓம் என்றேன்.

கடைசியாக ஒன்று. போன கிழமை தலைவர் என் கடைக்கு வந்தார். மகனைப் பார்க்க வெளிநாடு போகிறாராம், கடவுச்சீட்டுக்குப் படம் வேண்டும். அவருடைய கடை விளக்கு பழுது. எடுத்து முடித்தேன். எழும்பப் போனார்.

"இருங்க. இன்னொண்டு எடுப்பம்."

"எதுக்கு?"

"வண்டிய உள்ள இழுங்க. சூரியன மறைக்குது."

மனிதர் சிரித்தே விட்டார், மச்சான். முன்பல் ஒன்று இல்லை. இத்தனை வருடமும் நமக்குத் தெரியாது. நல்ல முகம். அதை அடுத்த போட்டிக்கு அனுப்புகிறேன். தலைவர் என்ற முறையில் அவர்தான் ஆணி அடிக்க இடம் கொடுக்கவேண்டும்.

இனிமேல் என் கதிரையில் வந்து உட்காரும் எவரையும் ஒன்றோடு எழும்பவிடமாட்டேன். கமராவில் இப்போது பிலிமும் இல்லை, எனக்குச் சாக்கும் இல்லை. இது உனக்கு நான் தரும் வாக்கு. உன் பகிடிகள் சிலவற்றை எடுத்துக்கொள்கிறேன், கோபிக்காதே.

எதிர்ப்பக்கக் கடையிலிருந்து,
உன் தங்கச்சியைக் கட்டின மச்சான்
சேவியர்