லோடருக்குப் பின்னால் ஓர் எடை

பாலாநகர், ஹைதராபாத்
12.7.2003

அன்புள்ள அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இறையருளால் நலமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

நேற்று எங்கள் பட்டறையில் ஒரு சின்ன டிராக்டரின் முன்பக்க லோடருக்கு, அதாவது மண் வாளியைத் தூக்கும் கைக்கு, பெரிய ஹைட்ராலிக் சிலிண்டர் மாட்டினோம். முன்னைவிடக் கூடுதலாக மண் தூக்க வேண்டுமாம். பின்னால் எடை வேண்டும் என்றேன். ஃபோர்மேன் ஆரோக்கியசாமி, "நக்கோ மேடம், சும்மாவே தூக்கும்" என்றார். நக்கோ என்றால் இந்த ஊரில் வேண்டாம். சோதித்துப் பார்க்க டிரைவரை ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. நானே ஏறினேன். மண்ணோடு வாளி உயர்ந்ததும் பின்சக்கரங்கள் தரையை விட்டுக் கிளம்பின. மெதுவாக வாளியை இறக்கிவிட்டேன். ஒரு கீறலும் இல்லை. அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

ஆரோக்கியசாமி ஓடிவந்து, "ஹவ், ஆமா மேடம், நீங்க சொன்னதுதான் சரி. டிராயிங் குடுங்க" என்றார். சாயங்காலமே பழைய இரும்பு நிரப்பிய பெட்டியைப் பின்னால் மாட்டினோம். அதே மண்ணை டிராக்டர் அசையாமல் தூக்கியது. இனி எல்லா வண்டிக்கும் என் டிராயிங்தானாம்!

யாராவது இந்தப் பக்கம் வந்தால் நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்புங்கள். பதிலில் அம்மாவையும் இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள், எதைப் பற்றியாவது. விடுதியில் தமிழ் பேச ஆளில்லை.

கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கிறது. இன்று இரண்டாவது டிராக்டர். அதில் ஆரோக்கியசாமியே ஏறுகிறாராம்.

உங்கள் மகள்,
சபீனா