ஜூனியின் அடம்

படூக்கா, கென்டக்கி
மார்ச் 14

அன்புள்ள டோயலுக்கு,

நானும் ஜூனியும் சுகம். உன் இடுப்புவலி இப்போது தேவலையா? படகில் கனமான கயிறுகளை இளவட்டங்கள் இழுக்கட்டும், நீ நின்று வேடிக்கை பார். இங்கே மழை விட்டபாடில்லை. சமையலறைக் கூரை மறுபடியும் ஒழுகுகிறது. உன் அக்கா நடீன் ஞாயிறுதோறும் வந்து, ஒழுகுவதற்கும் நான்தான் காரணம் என்பதுபோல் என்னையும் கூரையையும் மாறி மாறிப் பார்க்கிறாள்.

வியாழக்கிழமை வழக்கு முடிந்துவிட்டது. கூட்டாளிகள் சுற்றி நிற்கும்போது இதை நீ போனில் கேட்க வேண்டாம் என்றுதான், உங்கள் படகுக்குச் சாமான் கொண்டுவருகிற படகின் தபாலில் எழுதுகிறேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஷெல்பியின் தாயுரிமையை நீதிமன்றம் ரத்து செய்யவில்லை. ஜூனி தன் அம்மாவிடமே திரும்பிப் போகிறாள். நாம் அவளைத் தத்தெடுக்க முடியாது. அதில் என் வாய்க்கும் பங்கு உண்டு. அதனால் கடிதத்தை மடித்து வைத்துவிடாமல் கடைசிவரை படி.

அரசு வக்கீல் பழைய கதை எல்லாவற்றையும் எடுத்து வைத்தார். வலி மாத்திரைக்கு ஷெல்பி அடிமையானது, மூன்று வயசுப் பிள்ளையை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு மாத்திரை தேடிப் போனது, அரசாங்கம் பிள்ளையை நம்மிடம் வளர்க்க ஒப்படைத்த புதிதில் பார்க்கக்கூட வராமல் இருந்தது. ஒன்றும் பொய்யில்லை. ஷெல்பி நிமிரவே இல்லை. அப்புறம் அவள் பக்கத்து நியாயம் வந்தது. மாத்திரையை விட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது, சோதனை எல்லாம் சுத்தம். ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் இடத்தில் வேலை. டயர் கடை மாடியில் இரண்டு அறை எடுத்திருக்கிறாள். இப்போதெல்லாம் ஜூனியைப் பார்க்கிற ஒரு சந்திப்பைக்கூட விடுவதில்லை.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா பிள்ளை எவ்வளவு காலந்தான் காத்துக்கிட்டு இருக்கும்? தயாரா ஒரு நல்ல வீடு இருக்கே" என்று அரசு வக்கீல் என் பக்கம் கையைக் காட்டினார். நானும் கல்யாணப் பெண் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

நீதிபதி ஹேகுட் அம்மாள் மசியவில்லை. "இதைவிட நல்ல வீடு இருக்காங்கிறது இல்ல முதல் கேள்வி. அப்படிப் பார்த்தா இந்த ஊர்ல பாதிப் பேர் கையில பிள்ளை தங்காது. இந்தத் தாயால வளர்க்க முடியாது, இனிமேலும் முடியாதுன்னு நீங்க தெளிவா நிரூபிக்கணும். அதுக்கப்புறந்தான் பிள்ளைக்கு எது நல்லதுன்னு பார்ப்பேன். இந்த உறவை ஒருதடவை வெட்டிட்டா அப்புறம் ஒட்டவைக்க முடியாதுங்க" என்றார்.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். அம்மாவைப் பார்த்துவிட்டு வரும் நாளெல்லாம் ஜூனி காரில் கத்துவதையும், முன்சீட்டை உதைப்பதையும், ராத்திரி சாப்பிடாமல் படுப்பதையும் சொன்னேன். ஜனவரியில் சாலை முழுக்க ஐஸ் பிடித்திருந்த அன்று, அவளை விட்டுவிட்டு வீடு திரும்ப முடியாமல் நான் அந்தச் சந்திப்பு நடக்கிற இடத்திலேயே காத்திருந்தேனே, அன்றைக்குக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்ததையும் சொன்னேன். கோட்டைப் போடு என்று ஷெல்பி சொன்னதற்கு ஜூனி தரையில் விழுந்து புரண்டு, ஷூவைக் கழற்றி அவள்மேல் எறிந்தாள். பாருங்கள், பிள்ளையை அடக்கத் தெரியவில்லை என்று அரசு வக்கீலுக்கு ஒரே சந்தோஷம்.

ஷெல்பியின் வக்கீல் சின்னப் பையன் மாதிரி இருந்தான். டையில் ஏதோ குழம்புக் கறை. "அப்போ ஷெல்பி என்ன பண்ணாங்க?" என்று கேட்டான். அவளும் தரையில் உட்கார்ந்து, "இன்னொரு ஷூவையும் எறிஞ்சிடு கண்ணு, ஜோடியா இருக்கட்டும்" என்றாள், ஜூனி சிரித்துவிட்டுக் கோட்டைப் போட்டுக்கொண்டாள் என்று சொன்னேன். "உங்க வீட்ல அவ இப்படி எதையாவது எறிஞ்சிருக்காளா?" என்றான்.

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. "ஒருநாளும் இல்ல. போட்டதைச் சாப்பிடுவா. தட்டைக் கழுவி வைப்பா. பாத்ரூம் போகணும்னாகூட என்கிட்ட கேட்டுட்டுத்தான் போவா" என்றேன்.

சொல்லி முடித்ததும் என் காதே அதைக் கேட்டது, டோயல். ஐந்து வயசுப் பிள்ளை. இத்தனை காலம் நம்மோடு இருந்துவிட்டு, பாத்ரூம் போக அனுமதி கேட்கிறாள். தங்கமான பிள்ளை என்று சர்ச் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தோமே, அது தங்கம் இல்லை, பயம்.

நீதிபதி அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "உங்களுக்கு என்ன தோணுது வெர்லா?" என்று கேட்டார். நீ அவளுக்காக மஞ்சள் பெயிண்ட் அடித்த அறை என் கண்ணுக்குள் நின்றது. தெரியவில்லை என்று சொல்லியிருந்தால் யாரும் என்னைக் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள். "எங்க வீட்ல அவ விருந்தாளியா இருக்கா. அவ அம்மாகிட்டதான் பிள்ளையா இருக்கா" என்றேன்.

சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு தீர்ப்புச் சொன்னார். ஷெல்பி திருந்தியதற்குச் சாட்சி இருக்கிறது, இனி அவளால் வளர்க்க முடியாது என்பதற்குத்தான் சாட்சி இல்லை என்றார். கொஞ்ச நாளைக்குச் சனி, ஞாயிறு மட்டும் ஜூனி அங்கே தங்குவாள். பள்ளி விடுமுறை விட்டதும் ஒரேயடியாகப் போய்விடுவாள்.

"வாயை மூடிட்டு இருந்திருந்தா பிள்ளை நமக்குக் கிடைச்சிருக்கும். உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டே" என்று நடீன் ஒரு பாட்டம் பாடித் தீர்த்தாள். அழ வேண்டியதைக் காரிலேயே அழுது முடித்திருந்தேன்.

தீர்ப்பான பிறகு வெளியே ஷெல்பி என்னிடம் வந்தாள். நன்றி கின்றி ஒன்றும் சொல்லவில்லை. கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டு நின்றாள். "செவ்வாய்க்கிழமை எனக்கு ராத்திரி வேலை, அக்கா. அன்னைக்கு மட்டும் ஜூனியை உங்ககிட்ட விட்டுட்டுப் போகட்டுமா? வேற யார்கிட்டயும் விட எனக்கு மனசு வரல" என்றாள். தாராளமாக விடு என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல்தான் சொன்னேன். நம்மிடமிருந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போகிறாள் என்று நினைத்திருந்தேன். அவளானால் நம்மையும் தன் பிள்ளைக்குச் சொந்தமாகச் சேர்த்துக்கொள்கிறாள். மஞ்சள் அறை சும்மா கிடக்கப் போவதில்லை.

உனக்கு எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியும். படகு முழுக்க "என் மகள்" என்றே சொல்லி வைத்திருக்கிறாய். அதனால் உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். வீட்டுக்கு வா. வந்து கத்து, எதையாவது தூக்கி எறி, நான் பார்த்துக்கொள்கிறேன். "நீ செஞ்சது சரிதான் வெர்லா" என்று பதவிசாகச் சொல்லிவிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுக்கப் போய்விடாதே.

ஆற்றில் வெள்ளம் அதிகமாம். கடவுள் உன்னைப் பத்திரமாகக் கரை சேர்க்கட்டும்.

உன் வருகைக்குக் காத்திருக்கும்,
வெர்லா