மூன்றாம் நபர் செய்தி

அன்பு காசி மாமாவுக்கு,

நாம் பேசி ஒன்றரை வருஷம் ஆகிறது. இப்போது நீங்கள் பதில் சொல்ல முடியாத இடத்துக்குப் போன பிறகு எழுத உட்கார்ந்திருக்கிறேன். நல்ல ஆளுங்க நீங்க. சண்டையைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள்.

சொந்தமாக வயர்லெஸ் செட் வைத்துப் பேசுகிற நம் ஹாம் ரேடியோ சங்கத்தின் இதழுக்கு உங்களைப் பற்றி நாலு வரி கேட்டார்கள். "ஹாம் ரேடியோவுக்காகவே வாழ்ந்தவர், நேர்மையானவர்" என்று எழுதினேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனாலும் கிழித்துப் போட்டேன். நாலு வரியில் அடங்குகிற கோபமா எனக்கு? அதற்குப் பதிலாக இந்தக் கடிதத்தையே இதழுக்குக் கொடுக்கப் போகிறேன்.

இதைப் படிக்கிறவர்களுக்கு விஷயம் தெரிய வேண்டும். நீங்கள் ரெட்டிபாளையம் சிமென்ட் ஆலையில் எலக்ட்ரீஷியன். அரியலூரில் உங்கள் ஓட்டு வீட்டின் மேல் ஏரியல், உள்ளே டி.வி.யோடு இணைத்த ஒரு சின்னக் கம்ப்யூட்டர், அதை வயர்லெஸ் செட்டோடு சேர்க்க நீங்களே பற்றவைத்த சர்க்யூட். அரசாங்க வயர்லெஸ் லைசென்ஸ் உள்ள எவரும் தன் வீட்டிலிருந்து டைப் செய்தால் எழுத்து காற்றில் வந்து உங்கள் மெஷினில் தங்கிவிடும். மற்றவர்கள் வேண்டியபோது எடுத்துப் படிக்கலாம். புல்லட்டின் போர்டு என்று சொன்னால் ஊரில் யாருக்குப் புரிந்தது? "காசி வூட்டு டி.வி.ல கடுதாசி வருது" என்றார்கள்.

மோர்ஸ் பழக ஒரு புரோகிராம், செயற்கைக்கோள் நம் தலைக்கு மேல் எப்போது வரும் என்று கணக்குப் போட ஒரு புரோகிராம், எல்லாம் அதில் வைத்திருந்தீர்கள். பெரம்பலூரில் என் மெஷினில் முதல் தடவை அதில் ஒன்றை இறக்கி ஓட்டியபோது, தெருமுனை டீக்கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தேன். சொந்தம் எதுவும் இல்லாத நாம் மாமா, மாப்ளே ஆனது அந்தக் காலத்தில்தான்.

போர்டுக்கு ஒரு விதி உண்டு. லைசென்ஸ் இல்லாத ஒருவருக்குப் போக வேண்டிய சொந்தச் செய்தியை நாம் சுமக்கக் கூடாது. அதற்கு மூன்றாம் நபர் செய்தி என்று பெயர். மற்ற ஊர்களில் போர்டு நடத்துகிறவர்கள் காதுகுத்து, கல்யாணச் செய்தி என்றால் அப்படி இப்படிக் கண்டுகொள்ளாமல் விடுவார்கள். நீங்கள் விட மாட்டீர்கள். வயர்லெஸ் என்றாலே தீவிரவாதியோ என்று போலீஸுக்குச் சந்தேகம் வந்த வருஷங்கள் அவை. உங்களை ஒரு பகல் முழுக்க ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு செய்தியையும் நீங்கள் படித்துப் பார்த்து அனுமதித்தால்தான் மற்றவர்கள் கண்ணில் படும். உங்கள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை மாமா.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை? அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து நெஞ்சில் சளி இழுத்துக்கொண்டிருந்தது. வீட்டில் நானும் அவரும்தான். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார். மழையில் வெளியூர் போன் லைன் செத்துக் கிடந்தது, தந்தி ஆபீஸ் மூடியிருந்தது. அப்பாவைத் தனியே விட்டுவிட்டு என்னால் தெருமுனைக்குக்கூடப் போக முடியவில்லை. அவரோ வாய் குழறிக்கொண்டே, "தமிழு வந்துட்டாளா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அதனால்தான் விடியற்காலையில் உங்கள் போர்டில் போட்டேன். அப்பாவுக்கு முடியவில்லை, வரதராஜன்பேட்டையில் என் தங்கச்சி தமிழரசிக்குச் சொல்ல வேண்டும், உங்கள் ஊரிலிருந்து போகும் ஜெயங்கொண்டம் பஸ் கண்டக்டரிடம் சொல்லிவிட்டால் போதும், அவர் சேர்த்துவிடுவார் என்று. நீங்கள் எழுந்ததும் முதலில் பார்ப்பது அதைத்தான். பார்த்தீர்கள். பதிலும் அனுப்பினீர்கள்: "மூன்றாம் நபர் செய்தி. நீக்கப்பட்டது."

திரையில் அதைப் படித்தபோது உங்களுக்கு ஏதோ புத்தி பிசகிவிட்டது என்றுதான் நினைத்தேன். மறுபடி அனுப்பினேன். பதிலே இல்லை. வாசலோடு போன ஒருவரைக் கெஞ்சி ஆள் அனுப்பி, அது சுற்றி வளைத்துப் போய்ச் சேர்ந்து, தமிழு மறுநாள் மத்தியானம் வந்தாள். அப்பா ராத்திரியே போய்விட்டார்.

கருமாதி முடிந்து உங்களிடம் வந்தேன்.

"ஏன் மாமா?"

"லைசென்ஸ் போயிடும் மாப்ளே. புயல், வெள்ளம்னா அனுப்பலாம். இது வூட்டு விசயம்."

"நான் ரேடியோல அனுப்பவா சொன்னேன்? பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொல்லியிருந்தா, அந்தச் செய்திய வாங்கிக் கொண்டுபோய்ச் சேத்தேன்னு ஆயிடுமே. அழிச்சதை எப்படிச் சொல்றது?"

மெஷினில் அழித்ததை மனதிலும் அழித்துவிட வேண்டும் என்று நினைத்தீர்களே, அதை என்னவென்று சொல்வது? அதற்குப் பிறகு உங்கள் வாசலை நான் மிதிக்கவில்லை.

இன்னொன்று உங்களுக்குத் தெரியாது. "யார்ட்ட சொல்லி அனுப்புன?" என்று தமிழு கேட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. அவள் வீட்டுக்காரருக்கு ஆலையில் வேலை உங்கள் சிபாரிசில் கிடைத்தது. உங்களைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னால் தாங்க மாட்டாள். நான்தான் சோம்பேறித்தனமாக இருந்துவிட்டேன் என்று முடிவு கட்டினாள். பொங்கல் வரிசை கொண்டுபோனேன், திருப்பி அனுப்பினாள். ஒரே தங்கச்சி மாமா எனக்கு.

போன மாதம் வேலையில் இருக்கும்போதே நெஞ்சு வலி வந்து போய்விட்டீர்கள். உங்கள் சம்சாரம் சரோஜா அக்கா எனக்கு ஆள் அனுப்பி வரவழைத்து, "ஓசூர்ல இருக்க அவரு தம்பிக்கு எப்படியாச்சும் சொல்லிடுங்க" என்று அழுதார். உங்கள் செட்டிலேயே உட்கார்ந்து சேலத்து நண்பரைக் கூப்பிட்டேன். அவர் எந்த விதியையும் கேட்கவில்லை. அவர் ஓசூரில் இன்னொருவரைக் கூப்பிட, அந்த ஆள் ஸ்கூட்டரில் போய் நேரில் சொல்லியிருக்கிறார். உங்கள் தம்பி நேரத்துக்கு வந்து கொள்ளிக்குடம் உடைத்தார். லைசென்ஸ் இல்லாத மூன்றாம் நபர்தானே அவரும்?

தமிழுவும் வந்தாள். உங்கள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு என் பக்கம் திரும்பி, அத்தனை பேர் முன்னால் சொன்னாள்: "அன்னிக்கு இந்த மாமாட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தீன்னா, நடந்தே வந்தாவது எனக்குச் சொல்லியிருப்பாரு. ஒனக்கு அது கூடத் தோணல."

தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். உங்கள் பிணத்தின் முன்னால் வேறென்ன செய்ய முடியும்?

மாமா, இது அச்சாகி வருவதற்குள் நானே வரதராஜன்பேட்டைக்குப் போவேன். வாசலிலேயே நிறுத்தினாலும் நின்றபடி அவளிடம் எல்லாவற்றையும் சொல்லுவேன். உங்கள் பயத்தையும் சேர்த்தே சொல்லுவேன், அதை மறைக்க மாட்டேன். இதழைப் படிக்கிற நம் ஆட்களுக்கு அந்த விதியும் பயமும் புரியும்; அந்த ஒரே ஒரு வீட்டில்தான் உங்கள் நல்ல பேர் கெட்டுப்போகும். இத்தனை நாள் அந்த வீட்டில் என் பேர் கெட்டுக் கிடந்தது. இனி நீங்கள் கொஞ்சம் சுமந்துகொள்ளுங்கள்.

உங்கள் மேல் கோபம் தீராத,
உங்கள் மாப்ளே