நிலவு வராத கவிதை

மார்ச் 3, செவ்வாய்

எழுந்ததும் முதல் வேலையாக, பத்தொன்பது வயது என்னைத் திருத்தினேன். பல்கூடத் துலக்கவில்லை.

பிறந்தநாள்தோறும் எனக்கு நானே ஒரு கவிதை எழுதிக்கொள்வது கல்லூரியில் தொடங்கிய பழக்கம். நாற்பத்தேழு வயது வரை வந்தாயிற்று. பதினைந்தாம் தேதி அவற்றில் ஐந்தை வாசிக்கச் சொல்லியிருக்கிறார் நூலகர். நாலு பேர் முன்னால் நான் வாசிப்பது இதுதான் முதல் தடவை.

பத்தொன்பதில் எழுதியது:

உலகமே, கொஞ்சம் நகர்ந்து உட்கார்.
நான் வந்துவிட்டேன்.

என்ன திமிர்! ‘எனக்கும் ஓரமாய் ஓர் இடம் கொடு’ என்று மாற்றினேன். இப்போது அடக்கமாக இருக்கிறது.

மார்ச் 5, வியாழன்

கண்ணாடிக்கடையில் நல்ல கூட்டம். ஒருவர் எழுத்து அட்டையை எட்டப் பிடித்துக்கொண்டு, “கண்ணு நல்லாத்தாம்மா இருக்கு, கைதான் நீளம் பத்தலை” என்றார். சிரித்துக்கொண்டே அவர் மூக்குக்கு ஏற்றபடி ஃப்ரேமை வளைத்துக் கொடுத்தேன்.

மதியம் ஆள் இல்லாதபோது இருபத்தெட்டை எடுத்தேன். அந்தப் பிறந்தநாளில் மகளுக்கு இருபது நாள். படித்ததும் நோட்டை மூடிவிட்டேன். இது அவள் கண்ணில் படவே கூடாது. அதற்குப் பதில் புதிதாக ஒன்று எழுதினேன்: நீ தூங்கும்போது நிலவு வந்து எட்டிப் பார்த்தது.

மார்ச் 8, ஞாயிறு

ஐந்தையும் புது நோட்டில் எழுதி முடித்தேன். மகள் டைப் அடித்துத் தருகிறாளாம். கூலி: ஒரு வாரம் அவளைக் காலையில் எழுப்பக் கூடாது.

மார்ச் 10, செவ்வாய்

பழைய நோட்டைப் பார்த்து அடித்திருக்கிறாள்!

“உன் இப்போதைய கையெழுத்து மருந்துச்சீட்டு மாதிரி இருக்கும்மா. டிராயர்ல பழசு இருந்துச்சு. அது முத்து முத்தா இருந்துச்சு.”

பூட்டியிருக்க வேண்டும். ஏன் பூட்டவில்லை?

இரண்டாவது தாள்:

நீ தூங்கும்போது
செருப்பைப் போட்டுக்கொண்டு வாசல் வரை போனேன்.
நீ சிணுங்கினாய்.
ஒற்றைச் செருப்போடு திரும்பி ஓடி வந்தேன்.

“அப்போ எனக்குத் தூக்கமே இல்லடி... உன்னைப் பிடிக்காம இல்ல...” என்னென்னவோ உளறினேன்.

அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நிஜமாவே ஒத்தச் செருப்போடயா வந்தே?”

“ஆமா.”

“இன்னொண்ணு?”

“வாசல்லயே கிடந்துச்சு. காலையில உங்கப்பா எடுத்துட்டு வந்து ‘இது யாரு செருப்பு’ன்னு என்கிட்டயே கேட்டாரு.”

விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு என் தோளில் சாய்ந்துகொண்டு, “ரெண்டையும் படிச்சேம்மா. நிலாக் கவிதையில எந்தப் பாப்பாவை வேணாலும் படுக்க வைக்கலாம். இதுலதான் நான் இருக்கேன்” என்றாள்.

மார்ச் 11, புதன்

இன்று முழுக்க எனக்குப் பெயர் ‘ஒத்தச் செருப்பு’.

மார்ச் 12, வியாழன்

வீட்டுக்குள் சிரிப்பது வேறு. நூலகத்தில் என்றால் பக்கத்து வீட்டுக்காரி வருவாள், கடை முதலாளி வருவார். ‘பெத்த பிள்ளையை விட்டுட்டுப் போகப் பாத்தவளா இவ’ என்று ஒரு பார்வை பார்த்தால்?

என் கணவரிடம் தாளைக் கொடுத்தேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “அன்னிக்கு என்னை எழுப்பியிருக்கலாம்ல?” அவ்வளவுதான் கேட்டார்.

மார்ச் 14, சனி

மகள் நிலாவையும் டைப் அடித்து, இரண்டு தாளையும் மேசைமேல் வைத்துவிட்டுக் கல்லூரிக்குக் கிளம்பினாள். “உன் இஷ்டம்மா. நிலாவையே படிச்சாலும் நான் கைதட்டுவேன்.”

உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன். யாருக்காக இத்தனை திருத்தம்? அந்தப் பத்தொன்பது வயதுக்காரி பரவாயில்லை, எப்படியும் தன் இடத்தைப் பிடித்துக்கொள்வாள். இந்த இருபத்தெட்டுதான் பாவம். அன்று அவளிடம் எப்படி இருக்கிறாய் என்று கேட்க ஆளில்லை. இத்தனை வருடம் கழித்து, சொல்ல வந்தவளின் வாயை நானே பொத்தப் பார்த்தேன்.

வரிசையில் அவள் இரண்டாவது. நாளை அவளைத்தான் முதலில் வாசிக்கப் போகிறேன், திருத்தாமல். மகளிடம்கூட இன்னும் சொல்லவில்லை.